அணைக்கும் நொடியில்

போடிக்கு மேலே குரங்கணிச் சரிவில் மோட்டாரை நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்துகொள்ள மோட்டார் ரூம் வரை போக வேண்டியதில்லை. ஓடையோர இரைச்சல் அடங்கிய மறுகணம், மேட்டுத் தோட்டத்துக்கு ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் குழாய்க்குள் திரும்பி இறங்கி, அடியில் இருக்கும் நான்-ரிட்டர்ன் வால்வில் ‘டம்’மென்று மோதும். பழைய ஜி.ஐ. குழாயாக இருந்தால் அந்த அதிர்ச்சி சரிவு முழுக்க ஓடும். மணிக்கணக்கில் ஓடும்போது ஒன்றும் செய்யாத தண்ணீர், நிற்கும் நொடியில் ஜாயின்ட்டைப் பிளந்துவிடுகிறது. மாஸ்கோ நகரின் குடிநீர்க் குழாய்களில் இதைச் சோதித்த நிகோலாய் ஜுகோவ்ஸ்கி 1898இல் கணக்காகவே எழுதிக் காட்டினார். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகும் நீரை இரும்புக் குழாயில் சட்டென்று மறித்தால், நூறு மீட்டர் உயரத்துக்கும் மேல் நிற்கும் தண்ணீரின் அழுத்தம் ஒரு கணம் அங்கே எழும்.

அதே நொடியில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளும் ஓர் அடி விழுகிறது. அது காதில் விழாது. பெட்டிக்குள் இருக்கும் காயிலில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் பாதை அறுந்ததும் நிற்க மறுக்கிறது. போக்கிடம் இல்லாததால் வோல்டேஜாக எகிறுகிறது. மறுநாள் ‘போன் போட்டா மோட்டார் எடுக்கலை, பெட்டி ஹேங் ஆயிடுச்சு’ என்று மெக்கானிக்குக் கூப்பிடுவார்கள். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, ‘லைன்ல வோல்டேஜ் ஏத்த இறக்கம், என்ன பண்றது’ என்பார். குற்றம் மின்வாரியத்தின் தலையில் விழும். மரம் சாய்ந்து கம்பி அறுவதும் இடி இறங்குவதும் மேற்குத் தொடர்ச்சி மலையில் அன்றாடம் நடப்பவைதான். லைனில் வந்து தாக்கும் வோல்டேஜை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பெட்டிகள் மயங்கி விழுவதற்கான காரணங்களில் கணிசமானவை பெட்டிக்கு உள்ளேயே, விரற்கடை தூரத்தில் பிறக்கின்றன. இதைச் சொன்னால் மின்வாரியத்துக்கு வக்காலத்து வாங்குவதாகத் தோன்றும். பரவாயில்லை.

இந்த மலையில் ஒரு காலத்தில் பெரிய வேலை எல்லாம் மேலிருந்து கீழே இறக்குவதுதான். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902இல் ஒற்றைத் தண்டவாளமும் 1908இல் குறுகிய ரயில்பாதையும் போட்டார்கள். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிப் பக்கம் இறங்கி, போடிக்குப் போயின. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. இன்றைக்குச் சரிவின் முக்கிய வேலை தண்ணீரை ஏற்றுவது. ஏலமும் காபியும் மிளகும் கோடையைத் தாண்ட வேண்டும். மோட்டார் பள்ளத்தில், தோட்டம் மேட்டில், முதலாளி வீடு போடியில். இந்த மூன்றுக்கும் நடுவில் நடக்கிற நடையை மிச்சம் பிடித்தது சிம் கார்டு போட்ட மொபைல் ஸ்டார்ட்டர். தமிழ்நாட்டு விவசாயி சொந்தக் காசைப் போட்டு, யாரும் பிரசாரம் செய்யாமலே ஏற்றுக்கொண்ட மின்னணுக் கருவி ஒன்றைச் சொல் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். மும்முனை மின்சாரம் வந்ததும் தானே மோட்டாரை எடுத்துவிடும் ஆட்டோ சுவிட்ச் இதற்கு அண்ணன்.

அந்தப் பெட்டியைத் திறந்தால் ஒரு சங்கிலி தெரியும். போன் கட்டளையை வாங்குவது ஒரு சிறு மைக்ரோகண்ட்ரோலர். அது 5 வோல்ட்டிலோ அதற்கும் குறைவாகவோ ஓடுவது. அது ஒரு டிரான்சிஸ்டரைத் தட்டும். டிரான்சிஸ்டர் 12 வோல்ட் ரிலேயைப் பிடிக்கும். ரிலே கான்டாக்டரின் காயிலுக்கு மின்சாரம் கொடுக்கும். கான்டாக்டர் மோட்டாரைப் பிடிக்கும். ரிலே ஒரு காயில், கான்டாக்டர் ஒரு காயில், மோட்டாருக்குள் சுற்றியிருப்பதும் காயில். ஒன்றைவிட ஒன்று பெரியது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தனக்கு முந்தியதை, விடும்போது ஒரு முறை அடிக்கிறது.

காயிலுக்கு ஏன் இந்தக் குணம்? அமெரிக்காவில் ஆல்பனி நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஜோசப் ஹென்றி 1832இல் ஒரு கட்டுரை எழுதினார். சிறிய பேட்டரி ஒன்றின் முனைகளைக் குட்டையான கம்பியால் இணைத்துப் பிரித்தால் பொறி வருவதில்லை. 30, 40 அடிக் கம்பியால் இணைத்துப் பிரித்தால் பளிச்சென்று பொறி வருகிறது. அதையே சுருளாகச் சுற்றினால் பொறி இன்னும் பெரிதாகிறது. இணைக்கும்போது வரவில்லை, பிரிக்கும்போதுதான் வருகிறது. இரண்டு ஆண்டு கழித்து வில்லியம் ஜென்கின் என்பவர் மின்காந்தச் சுருளைத் துண்டிக்கும்போது கையில் ஷாக் அடித்ததை மைக்கேல் ஃபாரடேயிடம் சொல்ல, ஃபாரடே அதைத் தனியாக எடுத்து ஆராய்ந்தார். பேட்டரி அதேதான், கம்பி மட்டும் நீண்டிருக்கிறது, ஷாக் எங்கிருந்து வந்தது? மின்னோட்டம் சுருளைச் சுற்றி ஒரு காந்தப்புலத்தைக் கட்டி வைத்திருக்கிறது. மின்னோட்டத்தை அறுத்தால் புலம் சரிகிறது. சரியும் புலம் அந்தச் சுருளிலேயே ஒரு வோல்டேஜை எழுப்பி, போன திசையிலேயே மின்னோட்டத்தைத் தள்ளப் பார்க்கிறது. எவ்வளவு வேகமாக அறுக்கிறோமோ அவ்வளவு பெரிய வோல்டேஜ். 1893இல் சிகாகோவில் கூடிய மின்னியல் மாநாடு இந்தக் குணத்தின் அலகுக்கு ஹென்றி என்றே பெயர் வைத்தது.

இப்போது ரிலேயின் கணக்கைப் பார்க்கலாம். சர்க்கரைக் கட்டி அளவு 12 வோல்ட் ரிலேயின் காயில் 400 ஓம் என்றால் அதில் ஓடுவது 30 மில்லி ஆம்பியர். அற்ப விஷயம். ஆனால் டிரான்சிஸ்டர் அதை ஒரு மைக்ரோ நொடி அளவில் அறுத்துவிடுகிறது. வோல்டேஜ் நூறுகளை நோக்கி எழுகிறது. போர்டில் இருக்கும் பிசி 547 டிரான்சிஸ்டர் தாங்குவதாகச் சொல்லப்படுவது 45 வோல்ட். உடனே செத்துவிட்டால்கூடத் தேவலை, காரணம் பிடிபட்டுவிடும். பல நேரம் அது சாவதில்லை. ஒவ்வொரு முறையும் அடியை வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் வேலை செய்துவிட்டு, இடி மின்னல் இல்லாத ஒரு மத்தியானத்தில் போகிறது. அப்போது பழியை வாங்கிக்கொள்ள லைன் தயாராக இருக்கிறது.

மருந்து ஒரு ரூபாய் அளவில் கிடைக்கும் 4007 டயோடு. ரிலே காயிலின் இரண்டு கால்களுக்குக் குறுக்கே, வெள்ளிக் கோடு போட்ட முனை பிளஸ் பக்கம் இருக்கும்படி வைக்க வேண்டும். காயில் வேலை செய்யும்போது டயோடு தூங்கும். அறுந்த நொடியில் தலைகீழாக எழும் வோல்டேஜ் அதைத் திறக்கும். காயிலின் மின்னோட்டம் டயோடு வழியே சுற்றிச் சுற்றி வந்து, கம்பியின் தடையிலேயே சூடாகிக் கரைந்துவிடும். டிரான்சிஸ்டர் பார்ப்பது 13 வோல்ட்டுக்கும் குறைவு. டயோடைத் திருப்பி வைத்துவிட்டால் கதையே வேறு: முதல் முறை ரிலேயைப் பிடிக்கும்போதே ஷார்ட் ஆகி டிரான்சிஸ்டர் புகைந்துவிடும். அதுவும் ஒரு வகையில் நல்லதுதான், தவறு கடையிலேயே தெரிந்துவிடுகிறது. டயோடே வைக்காத போர்டுதான் மோசம். அது நல்லபடியாக விற்பனையாகித் தோட்டம் வந்து சேர்கிறது.

பல ரிலேகள் உள்ள போர்டுகளில் யூஎல்என் 2003 என்ற பதினாறு கால் சிப் இருக்கும். ஏழு டிரான்சிஸ்டர் ஜோடிகளும் அவற்றுக்கான ஏழு டயோடுகளும் உள்ளேயே உண்டு. ஆனால் அந்த ஏழு டயோடுகளின் மறுமுனைகளும் ஒன்றுசேர்ந்து ஒன்பதாவது காலில் முடிகின்றன. அந்தக் காலை ரிலேயின் பிளஸ்ஸோடு இணைத்தால்தான் அவற்றுக்கு உயிர். இணைக்காவிட்டாலும் ரிலேக்கள் ‘டிக் டிக்’கென்று ஒழுங்காகப் பேசும், விளக்கு எரியும், சோதனையில் தேறிவிடும். வரைபடம் போடத் தொடங்கும் பையன்களுக்கு அந்த ஒன்பதாவது காலைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

கான்டாக்டர் காயிலுக்கு இந்த வைத்தியம் செல்லாது. அது ஏ.சி.; டயோடு வைத்தால் பாதி அலையை ஷார்ட் செய்துவிடும். அங்கே இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, நூறு ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் தொடராகச் சேர்ந்த ஸ்னப்பர். எழும் வோல்டேஜின் வேகத்தை அது மட்டுப்படுத்துகிறது. மற்றது வேரிஸ்டர்: துத்தநாக ஆக்ஸைடு வில்லை. ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனத்தில் 1960களின் பிற்பகுதியில் உருவானது. குறிப்பிட்ட வோல்டேஜ் வரை மின்சாரத்தை விடாது, அதைத் தாண்டினால் வாசலைத் திறந்துவிடும். ஆனால் ஒவ்வொரு பெரிய அடியும் வேரிஸ்டரைக் கொஞ்சம் தின்றுவிடுகிறது. அது தேய்கிற பொருள். இன்னொரு வம்பும் உண்டு. நம் ஊர் விவசாய ஸ்டார்ட்டர்களில் பல, காயிலை இரண்டு பேஸுக்கு நடுவே, 415 வோல்ட்டில் வைத்திருக்கின்றன. வீட்டு லைனுக்கான 275 வோல்ட் வேரிஸ்டரை அதன் குறுக்கே பொருத்தினால் பாதுகாக்க வந்த வில்லையே முதலில் வெடிக்கும். ‘வேரிஸ்டர் போட்டுப் பாத்தாச்சு, அது நிக்கலை’ என்ற சலிப்புக்குப் பின்னால் இந்தக் கணக்குப் பிசகு இருக்கலாம்.

எங்கே வைக்கிறோம் என்பதும் எதை வைக்கிறோம் என்பதைப் போலவே முக்கியம். ஸ்னப்பரைச் சௌகரியத்துக்காக ரிலே போர்டில் வைத்துவிட்டு, அங்கிருந்து நாலு மீட்டர் ஒயரை கான்டாக்டருக்கு இழுத்தால், அந்த ஒயர் முழுக்க ஆன்டெனாவாகிறது. ரிலேயின் முனைகள் பிரியும்போது வரும் பொறி ஒற்றைப் பொறி அல்ல. எரிந்து, அணைந்து, மறுபடி எரிந்து, மில்லி நொடிக்குள் ஒரு பொறி மழை. பக்கத்திலேயே நாலைந்து வோல்ட்டில் யோசித்துக்கொண்டிருக்கும் மைக்ரோகண்ட்ரோலருக்கு அது கட்டளையா கூச்சலா என்று தெரிவதில்லை. ஹேங் ஆவது அங்கேதான். காயிலின் கால்களிலேயே வைத்தால் சத்தம் பிறந்த இடத்திலேயே அடங்கும். ரிலே முனைகளுக்குக் குறுக்கே வைப்பவர்களும் உண்டு. அதில் ஒரு சின்னத் தொல்லை, ரிலே விட்ட பிறகும் கண்டென்சர் வழியே 230 வோல்ட்டில் 7 மில்லி ஆம்பியர் கசியும். அணைத்த பிறகும் மங்கலாக எரிந்துகொண்டிருக்கும் இண்டிகேட்டர் பேயின் வேலை இல்லை.

மோட்டார் ஹேங் ஆனால் ஒரு நாள் தண்ணீர் போகும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் ஹேங் ஆனால் நிறம் போகும். பறித்த பச்சைக் காயின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ஈரம். அதைப் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்குக் கொண்டுவர ஒரு நாள் அளவுக்குச் சூட்டறையில் கிடக்க வேண்டும், 45இலிருந்து 50 டிகிரிக்குள். சூடு மிஞ்சினால் பச்சை வெளுக்கும், காய் வெடிக்கும், வாசத்தைத் தாங்கும் எண்ணெய் பறந்துவிடும். போடியிலும் புற்றடியிலும் நடக்கும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்-ஏலத்தில் விலையைப் பேசுவது அந்தப் பச்சையும் காயின் பருமனும்தான். ஸ்டோரின் புளோயரும் ஹீட்டரும் கான்டாக்டர் வழியே ஓடுகின்றன. கான்டாக்டரை ஆட்டுவிப்பது சுவரில் இருக்கும் டிஜிட்டல் கண்ட்ரோலர். இரவெல்லாம் நிறைய முறை அது காயிலைப் பிடித்து விட வேண்டும். அத்தனை முறையும் அடி. விடியற்காலையில் ஒரே எண்ணைக் காட்டியபடி உறைந்துபோயிருக்கும் டிஸ்ப்ளேவுக்குப் பின்னால் அறை வெப்பம் எவ்வளவு என்பது, கதவைத் திறந்து காயை நசுக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

காயை நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரங்களில் பிரச்சினை வேறு முகம் காட்டுகிறது. கேமரா ஒவ்வொரு காயையும் பார்க்க, வெளுத்த காய் வரும் நொடியில் ஒரு சோலனாய்டு வால்வு திறந்து காற்றை ஊதித் தள்ளும். அந்த வால்வு திறந்த வேகத்தில் மூடவும் வேண்டும், இல்லையேல் பின்னால் வரும் நல்ல காயும் சேர்ந்து பறக்கும். சாதாரண டயோடு இங்கே தொல்லை. அது காயிலின் மின்னோட்டத்தைப் பதமாகக் கரைக்கிறது. அந்தப் பதத்தில் சில மில்லி நொடிகள் போய்விடுகின்றன. அதனால் டயோடோடு ஒரு ஜீனரையும் சேர்த்து, வோல்டேஜை டிரான்சிஸ்டர் தாங்கும் எல்லை வரை வேண்டுமென்றே எழ விடுகிறார்கள். உயரம் கூடினால் கரையும் நேரம் குறையும். ரிலேயிலும் இதே சிக்கல் உண்டு. டயோடு போட்ட ரிலே மெதுவாக விடுவதால் அதன் முனைகள் மெதுவாகப் பிரிந்து, பொறியில் கூடுதலாகக் கருகுகின்றன. ‘டயோடு போடு, எல்லாம் சரியாகிவிடும்’ என்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

இந்த வோல்டேஜை ஒழிக்க வேண்டிய சனியனாக மட்டும் பார்ப்பதும் நியாயமில்லை. இது இல்லாவிட்டால் ஒரு தலைமுறை தமிழ் வீடுகளில் டியூப்லைட் எரிந்திருக்காது. ஸ்டார்ட்டர் மினுமினுத்து அறுக்கும் நொடியில் சோக் காயில் எழுப்பும் அடிதான் குழாயைப் பற்றவைத்தது; அந்த நேரத்தில் மீடியம் வேவ் ரேடியோ ‘கர்’ரென்று முனகியதும் அதனால்தான். பழைய பெட்ரோல் ஜீப்பிலும் புல்லட்டிலும் இக்னிஷன் காயிலின் முதல் சுற்றை பாயிண்ட் அறுக்கும்போது சில நூறு வோல்ட் எழும். இரண்டாம் சுற்றில் அது ஆயிரக்கணக்காகி ஸ்பார்க் பிளக்கில் பாயும். பாயிண்டுக்குக் குறுக்கே ஒரு கண்டென்சர் இருக்கும். அது போனால் பாயிண்ட் கருகும், ஸ்பார்க்கும் சோர்ந்துவிடும். பாயிண்டில் வீணாகும் பொறியை அடக்கினால் போக வேண்டிய இடத்துக்கு முழுதாகப் போகும் என்று 1853இல் கண்டுபிடித்தவர் ஒளியின் வேகத்தை அளந்த அதே ஹிப்போலிட் ஃபிஸோ. மோட்டார் ஸ்டார்ட்டருக்குப் போட்ட ஸ்னப்பர் அவருடைய கண்டென்சரின் வாரிசு.

இன்றைய டீசல் ஜீப்பில் பிளக் கிடையாது. அடி வேறு வழியில் வருகிறது. மலைப்பாதையில் குலுங்கிக் குலுங்கி பேட்டரி டெர்மினல் தளர்ந்து, என்ஜின் ஓடும்போதே ஒரு கணம் விட்டுப் பிடித்தால், சார்ஜ் செய்துகொண்டிருந்த ஆல்டர்னேட்டருக்குத் திடீரென்று சுமை இல்லாமல் போகிறது. அதன் காந்தச் சுருள் உடனே தணியாது. பாதுகாப்பு இல்லாத 12 வோல்ட் வண்டியில் அப்போது வோல்டேஜ் நூறை நெருங்கும். புதிதாகப் போட்ட எல்.இ.டி. விளக்கும் பாட்டுப் பெட்டியும் சேர்ந்தே போன வண்டிகளில் விளக்குக் கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன்னால் டெர்மினல் நட்டை ஆட்டிப் பார்க்கலாம்.

போடி மேற்கு மலையில் இந்தக் காயிலின் மிகப் பெரிய உருவம் ஒன்று வந்திருக்க வேண்டியது. பொட்டிப்புரத்தில் அமைப்பதாக இருந்த நியூட்ரினோ ஆய்வகத்தின் கருவி, அடுக்கடுக்கான இரும்புத் தகடுகளால் ஆன சுமார் 50,000 டன் மின்காந்தம். மலைக்குள் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து அங்கே அதை வைப்பதாகத் திட்டம். 2015இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. சுற்றியுள்ள ஊர்களின் எதிர்ப்பு, வழக்குகள், காட்டைப் பற்றிய கேள்விகள், 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தமிழக அரசின் மறுப்பு என்று அது நின்றுபோனது. அந்தத் தர்க்கத்துக்கு இந்தக் கட்டுரையில் இடமில்லை. அதன் சிறு மாதிரி, பதினோரு அடுக்கு, 85 டன், மதுரையில் இருக்கிறது. சர்க்கரைக் கட்டி ரிலேயிலிருந்து அதுவரை விதி ஒன்றே: அவ்வளவு பெரிய சுருளின் மின்னோட்டத்தை யாரும் சுவிட்சைத் தட்டி அறுப்பதில்லை, படிப்படியாக இறக்குவார்கள், அது சுற்றிக் கரைய மாற்றுப் பாதையை முன்பே போட்டு வைத்திருப்பார்கள்.

அந்த மாற்றுப் பாதைக்கு வெளியே அறுந்தால் என்ன ஆகும் என்பதை ஜெனீவா பார்த்தது. செர்ன் ஆய்வகத்தின் லார்ஜ் ஹாட்ரான் கொலைடரில் 1,232 வளைக்கும் காந்தங்கள். ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு டயோடு. நம் 4007 செய்யும் அதே வேலை, ஆயிரக்கணக்கான ஆம்பியருக்கு, உறையும் குளிரில். ஒரு காந்தம் தடுமாறினால் மின்னோட்டம் அதைத் தவிர்த்து டயோடு வழியே போய்விடும். 2008 செப்டம்பர் 19 அன்று போனது காந்தம் இல்லை. காந்தங்களை இணைக்கும் பட்டையில் ஒரு ஜாயின்ட். 8,700 ஆம்பியர் ஓடும்போது அது அறுந்தது. 154 காந்தங்கள் தொடராக நிற்கும் பகுதியின் ஆற்றல் அந்த இடைவெளியில் மின்பொறியாகி, ஹீலியக் கூட்டைத் துளைத்தது. டன் கணக்கில் ஹீலியம் வெடித்து வெளியேற, 53 காந்தங்களைக் கழற்றி எடுக்க வேண்டியதாயிற்று. மறுபடி ஓட 2009 நவம்பர் ஆனது. டயோடுகள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன.

குரங்கணியில் பெட்டி ஹேங் ஆனால் அடி உள்ளிருந்தா வெளியிலிருந்தா என்று கண்டுபிடிக்க ஆஸிலோஸ்கோப் தேவையில்லை. விவரமான மெக்கானிக் மெயினை இறக்கிவிட்டு, கான்டாக்டர் காயிலின் ஒயர்களைக் கழற்றி, அந்த இடத்தில் குண்டு பல்பை மாட்டுவார். 415 வோல்ட் காயில் என்றால் ஒரே வாட் உள்ள இரண்டு பல்புகள் தொடராக. பல்புக்குக் காயிலின் குணம் கிடையாது. மெயினை ஏற்றி, போனில் இருபது முப்பது முறை ஆன், ஆஃப் போட்டுப் பார்ப்பார். பெட்டி ஹேங் ஆகாவிட்டால் காயிலைத் திரும்ப மாட்டி, மோட்டார் ஒயரை மட்டும் விட்டுவிட்டு மறுபடி அதே ஆன், ஆஃப். இப்போது ஹேங் ஆனால் காயிலுக்கு ஸ்னப்பர் இல்லை, அல்லது இருந்தது செத்துவிட்டது. இப்போதும் ஹேங் ஆகாவிட்டால் மோட்டாரையும் சேர்த்துப் பார்ப்பார். அப்போது ஹேங் ஆனால் கருகிய கான்டாக்டர் முனைகளையும், மோட்டார் கேபிளை ஒட்டி ஓடும் போர்டு ஒயர்களையும் பார்க்க வேண்டும். பல்பு மாட்டியிருக்கும்போதே ஹேங் ஆகிறது, ரிலே டயோடும் சரியாக இருக்கிறது என்றால்தான் லைன்மேனுக்குப் போன் போட வேண்டும்.